ஒப்புக்குச் சப்பாணி

நம் தெருக்களில் குழந்தைகள் விளையாடும் ஆட்டங்களில் ஒரு விநோதமான பதவி உண்டு. அதற்கு 'ஒப்புக்குச் சப்பாணி' என்று பெயர். வயதில் சிறிய குழந்தை ஒன்று, "என்னையும் ஆட்டைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அழுதுகொண்டு வந்து நிற்கும். அதை விரட்டினால் வீட்டில் போய்ச் சொல்லிவிடும். சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கெடும். ஆகையால் பெரிய பிள்ளைகள் ஒரு சமரசம் செய்துகொள்வார்கள். அந்தக் குழந்தை ஓடலாம், கத்தலாம், சந்தோஷப்படலாம். ஆனால் யாரும் அதைத் தொட்டு அவுட் ஆக்க மாட்டார்கள். அது யாரைத் தொட்டாலும் அவர்கள் அவுட் ஆக மாட்டார்கள். ஆட்டத்தில் அது இருக்கும். ஆட்டத்தின் கணக்கில் இராது.

சப்பாணி என்பது கால் வழங்காதவனைக் குறிக்கும் சொல். குழந்தைகள் அர்த்தம் தெரியாமல்தான் சொல்கிறார்கள். ஆயினும், கால் வழங்காத பிள்ளையை நம் சமூகம் எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதற்கு இந்தச் சொல்லைக் காட்டிலும் வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

தெருக் குழந்தைகளாவது அழுத பிள்ளைக்காக மனம் இரங்கி அந்தப் பதவியை ஏற்படுத்தினார்கள். நமது பாடசாலைகளோ அதனையும் செய்வதில்லை. தேகப் பயிற்சிக்கு மணி அடித்ததும் நாற்பது ஐம்பது பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். காலில் இரும்புச் சட்டம் பூட்டிய ஒரு பையன் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளையும் செருப்புகளையும் காவல் காக்கிறான். பார்வை குன்றிய ஒரு பெண் வகுப்பிலேயே தங்கி, "நீ நிழலில் இரு, அம்மா" என்ற அன்பான உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறாள். காது கேளாத பிள்ளை மட்டும் மைதானத்தில் நிற்கிறான், விசில் ஊதியது அவனுக்குத் தெரியாததால், எல்லோரும் திரும்பிய பிறகு அவன் திரும்புகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். எந்த ஒரு பாடசாலையையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதை நான் எழுதவில்லை. இருபது வருஷமாக உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர் எவரும் இக்காட்சியைக் கண்டிருப்பார்.

இது யாருடைய குற்றம்? டிரில் மாஸ்டருடையது என்று சொல்லிவிடுவது சுலபம். அவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், அவருக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்தோம் என்று கேட்பதுதான் நியாயம்.

சட்டம் சொல்வது

முன்னாளில் 'அங்கஹீனர்' என்றோம். பிறகு 'ஊனமுற்றோர்' என்றோம். இப்போது 'மாற்றுத்திறனாளிகள்' என்கிறோம். பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் பெயர் மாறிய வேகத்தில் மைதானம் மாறவில்லை.

சட்டம் மாறியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் சட்டம் ஏழு விதமான குறைபாடுகளையே கணக்கில் கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக 2016-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றைக் கணக்கில் கொள்கிறது. பார்வையின்மை, கேளாமை, கை கால் இயக்கக் குறைவு ஆகியவற்றோடு மூளை முடக்குவாதம், ஆட்டிசம், தசைச் சிதைவு, ஹீமோபிலியா முதலியனவும் அந்தப் பட்டியலில் உண்டு. அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு, சர்க்காரின் பணமோ அங்கீகாரமோ பெற்ற ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும் இப்பிள்ளைகளுக்குப் படிப்போடு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. 30-ஆவது பிரிவு விளையாட்டுக்கென்றே அமைந்தது. விளையாட்டுப் பயிற்சித் திட்டங்களை இவர்களும் கலந்துகொள்ளும்படி திருத்தி அமைக்க வேண்டும் என்பதும், மைதானம் முதலிய வசதிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியவை.

சர்வதேச ஒப்பந்தமும் ஒன்று இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட அந்த ஒப்பந்தத்தை இந்தியா 2007-இல் உறுதி செய்தது. பாடசாலை விளையாட்டுக்களில் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக இக்குழந்தைகளும் பங்கு பெற வேண்டும் என்று அதன் 30-ஆவது விதி சொல்கிறது.

ஆக, மரத்தடியில் செருப்புக் காக்கும் பையனுக்கு டில்லியிலும் நியூயார்க்கிலும் உரிமை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உரிமையை மைதானத்தில் அவன் கையில் கொடுக்க வேண்டியவர் ஒரே ஒருவர்: விசிலும் பந்தும் வைத்துக்கொண்டு நிற்கும் உடற்கல்வி ஆசிரியர். மேலேயிருந்து வந்த நதியெல்லாம் அந்த ஒரு மதகு வழியாகத்தான் வயலுக்குப் பாயவேண்டும். மதகு அடைபட்டிருந்தால் அணை நிரம்பி என்ன பயன்? கோமுகி அணையின் அருகே வாழும் எங்கள் வடக்கனந்தல் குடியானவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

டிரில் மாஸ்டர் வந்த வழி

நம் நாட்டில் தேகப் பயிற்சி ஆசிரியர்களைத் தயாரிக்கும் வேலை சென்னையில்தான் முறையாக ஆரம்பமாயிற்று. 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கலாசாலையைத் தோற்றுவித்தார். 1943-இல் காலமாகும் வரையில் அவர் இந்நாட்டிலேயே உழைத்தார். அவருக்கு முன்னால் பாடசாலை டிரில் என்றால் பெரும்பாலும் பட்டாளத்து அணிவகுப்பின் குட்டிப் பதிப்புத்தான். விளையாட்டும் கல்வியின் ஓர் அங்கம், அதைக் கற்பிப்பவரும் ஓர் ஆசிரியர் என்ற எண்ணம் நிலைபெற்றதற்கு இத்தகைய கலாசாலைகளே காரணம். இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ உடற்கல்விக் கலாசாலைகள் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டு முதல் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே ஒரு தனிச் சர்வகலாசாலையும் சென்னையில் நடைபெற்று வருகிறது.

ஆயினும் பட்டாளத்தின் வாசனை முற்றிலும் போய்விடவில்லை. அணிவகுப்புக்கு வேண்டியது ஒரே அளவான உடல். ஒரே சமயத்தில் தூக்கும் ஒரே மாதிரியான கால். அந்த வரிசையில் ஒரு கால் குட்டையாக இருந்தால் வரிசை கெட்டுப் போகிறது. எனவே அந்தப் பையனை வரிசையிலிருந்து விலக்குவது அந்த முறைக்கு இயல்பாகிவிட்டது. மற்றொரு காரணமும் உண்டு. உடற்கல்விக் கலாசாலையில் சேருகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே நல்ல ஆட்டக்காரர்கள். ஓடவும் தாவவும் அவர்களுக்கு இயற்கையாகவே வருகிறது. இயற்கையாக வந்த ஒன்றை, அது வராதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் கஷ்டமான காரியம் வேறு இல்லை. கணக்குப் புலி எல்லோரும் நல்ல கணக்கு வாத்தியார் ஆகிவிடுவதில்லை அல்லவா?

உலகமும் இந்த விஷயத்தில் வெகு தாமதமாகவே கண் விழித்தது. காது கேளாதவர்களின் சர்வதேசப் போட்டிகள் 1924-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் தொடங்கிவிட்டன. ஆனால் முதுகெலும்பு முறிந்தவர்கள் விஷயத்தில் உலகத்தின் கண்ணைத் திறந்தவர் லுட்விக் கட்மன் என்னும் வைத்தியர். 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கிய அதே தினத்தில், ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரைக் கொண்டு அவர் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1960-இல் ரோமாபுரியில் முதல் பாராலிம்பிக் நடந்தது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், இக்குழந்தைகளுக்கு அளிக்கும் விசேஷக் கல்வி என்பதன் இலக்கணத்திலேயே உடற்கல்வியையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சட்டத்தில் அந்த ஒரு சொல் ஏறியதன் பயனாக, அதைக் கற்பிக்கும் ஆசிரியரைத் தயாரிப்பது அங்கே கலாசாலைகளின் கடமையாயிற்று.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு முயற்சி

நமக்கு அமெரிக்கா வரையில் போக வேண்டியதில்லை. ஸ்ரீ அவினாசிலிங்கம் 1930-ஆம் ஆண்டில் ஆரம்பித்த, கோயமுத்தூருக்கு அருகே பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தைத் தமிழர் அனைவரும் அறிவர். ஆசிரியர் பயிற்சிக்கும் உடற்கல்விக்கும் அங்கே தனித்தனிக் கலாசாலைகள் உண்டு. 2005-ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மிஷனின் விவேகானந்த சர்வகலாசாலை ஏற்பட்ட பிறகு, அதன் கிளையாக இந்த வளாகத்தில் இரண்டு துறைகள் அமைந்தன. ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான விசேஷக் கல்வித் துறை. மற்றொன்று, பொது உடற்கல்வி, தகவமைப்பு உடற்கல்வி, யோகம் ஆகிய மூன்றையும் பெயரிலேயே தாங்கிய துறை.

தகவமைப்பு உடற்கல்வி என்ற சொல் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. பொருள் எளிது. விளையாட்டுக்கு ஏற்ற பிள்ளையைப் பொறுக்கி எடுப்பதை விட்டு, பிள்ளைக்கு ஏற்றபடி விளையாட்டை மாற்றி அமைத்துக் கற்பிப்பதற்கே அந்தப் பெயர். பொது உடற்கல்வியையும் இதனையும் ஒரே துறையின் பெயரில் சேர்த்து வைத்ததில் ஒரு பெரிய தத்துவம் அடங்கியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கப் போகும் ஆசிரியரே இந்தப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர். இவர்களுக்கென்று வேறொருவர் வானத்திலிருந்து இறங்கி வரப் போவதில்லை என்பதே அந்தத் தத்துவம். மேலும் விசேஷக் கல்வி கற்பவர்களும் உடற்கல்வி கற்பவர்களும் ஒரே வளாகத்தில் இருப்பது சாதாரண அனுகூலம் அன்று. ஒரு பக்கத்தார் பிள்ளையின் குறைபாட்டை அறிவர். மறு பக்கத்தார் ஆட்டத்தை அறிவர். இரண்டு அறிவும் ஒரே தலைக்குள் சேர்ந்தால்தான் மைதானத்தில் வேலை நடக்கும்.

இப்படிப்பட்ட ஏற்பாடு ஜில்லாவுக்கு ஒன்றாவது வேண்டாமா? 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான எங்கள் கள்ளக்குறிச்சியைப் பாருங்கள். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடிக் கிராமங்களின் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அங்கே கால் வழங்காத ஒரு பிள்ளைக்குப் பாடசாலைக்கு ஏறி வருவதே ஒரு பெரிய தேகாப்பியாசம். அத்தனை பாடுபட்டு வந்த பிள்ளையை ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைப்பது தர்மமாகுமா?

கற்க வேண்டிய மூன்று

வருங்கால உடற்கல்வி ஆசிரியர் கற்க வேண்டியவற்றை நான் மூன்றாக வகுத்துச் சொல்லுவேன்.

முதலாவது, அபாயம் எது, அபாயம் அல்லாதது எது என்று அறிவது. பயத்தினால்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் இப்பிள்ளைகளை ஒதுக்குகிறார்கள். அறியாமையே அந்தப் பயத்துக்குத் தாய். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கும். வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் அவர்களைக் குட்டிக்கரணம் போடச் சொல்லக் கூடாது. தசைச் சிதைவு உள்ள பிள்ளையை, 'பயிற்சி செய்தால் பலம் வரும்' என்று களைக்கும் வரையில் வருத்தினால் தசை மேலும் கெடும். ஹீமோபிலியா உள்ளவன் மோதி விழும் ஆட்டங்களை விலக்க வேண்டும். ஆனால் நீந்துவது அவனுக்கு நன்மை. வலிப்பு உள்ள பிள்ளை நீந்தலாம். ஆனால் அவன்மேல் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ளவனுக்குத் தலையில் அடிபட்டால் விழித்திரை பிய்ந்து போகலாம். செவிக்குள் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைக்கும் தலையில் அடி ஆகாது. முதுகெலும்பு முறிந்தவனுக்கு, முறிவு மேலே இருந்தால், வியர்வை சரியாக வராது. நம் ஊர் வெயிலில் அவனுக்கு நிழலும் தண்ணீரும் முக்கியம். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு விசில் சத்தமே தாங்க முடியாத வேதனை. அவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டினால் போதும்.

பாருங்கள், 'செய்யாதே' என்பது இவற்றில் கொஞ்சந்தான். 'இப்படிச் செய்' என்பதே அதிகம். இவ்வளவையும் ஒரு பருவத்துப் பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம். இது தெரிந்தவர் பயப்படமாட்டார். தெரியாதவர் நிழலில் உட்காரச் சொல்லுவார்.

இரண்டாவது, ஆட்டத்தை மாற்றும் கலை. இடத்தை மாற்றலாம், செய்ய வேண்டிய காரியத்தை மாற்றலாம், கருவியை மாற்றலாம், ஆட்களை மாற்றலாம். உலகத்தில் இதற்கு வேண்டிய உதாரணங்கள் இருக்கின்றன. உட்கார்ந்து ஆடும் வாலிபாலில் மைதானம் பத்து மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமுமாகச் சுருங்குகிறது. ஆண்களுக்கு வலையின் உயரம் 1.15 மீட்டராக இறங்குகிறது. சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு தடவை தரையில் படலாம். பார்வையற்றோர் கிரிக்கெட் 1922-ஆம் ஆண்டில் மெல்போர்னில் ஒரு தகரக் குவளைக்குள் கற்களைப் போட்டு ஆடியதில் பிறந்தது. இன்று அதில் முற்றிலும் பார்வையில்லாதவர் எடுக்கும் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டாக எண்ணப்படுகிறது. 1946-இல் யுத்தத்தில் கண்ணிழந்தவர்களுக்காக ஏற்பட்ட 'கோல்பால்' ஆட்டத்தில் பந்துக்குள் மணி இருக்கிறது; கோடுகளுக்கு அடியில் கயிறு ஒட்டப்பட்டிருக்கிறது; ஆட்டக்காரன் கையாலும் காலாலும் தடவி, தான் நிற்கும் இடத்தை அறிகிறான்.

இவற்றுக்கெல்லாம் சீமைச் சரக்கு வேண்டும் என்று எண்ண வேண்டாம். துணிப்பந்துக்குள் நாலு சலங்கையை வைத்துத் தைத்தால் மணிப்பந்து ஆயிற்று. சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஒரு கயிற்றைப் பதித்து மண் அணைத்தால் காலுக்குத் தெரியும் கோடு ஆயிற்று. நமது சொந்த ஆட்டங்களும் இதற்கு வெகு வசதியானவை. கோகோ ஆட்டத்தில் 'கோ' என்று சொல்லும்போதே முதுகைத் தொடுகிறோம் அல்லவா? காது கேளாத பிள்ளைக்கு அந்தத் தொடுகையே போதும். ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. கபடியில் பாடிப் போவதற்கு முப்பது விநாடி என்று இப்போது கணக்கு இருக்கிறது. பாட முடியாத பிள்ளைக்குப் பாட்டை விட்டு, நேரம் முடிந்ததும் கொடியை ஆட்டிக் காட்டலாம். நொண்டி ஆட்டத்தில் எல்லோருமே ஒற்றைக் காலர்கள். கண்ணாமூச்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டவன் தடுமாறுகிறான். கண் தெரியாத பிள்ளையோ அந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் குரு.

ஆனால் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. தோற்பதற்கு உள்ள உரிமையை எடுத்துவிடக் கூடாது. 'பாவம், அவனை அவுட் ஆக்காதே' என்று ஆசிரியர் சொன்ன மாத்திரத்தில் அந்தப் பிள்ளை ஒப்புக்குச் சப்பாணி ஆகிவிடுகிறான். விதியை மாற்றுங்கள், மாற்றிய விதியை அவனுக்கும் கண்டிப்பாகப் பிரயோகியுங்கள். அவுட் ஆகக்கூடிய பிள்ளைதான் வெற்றி பெறவும் கூடிய பிள்ளை. தகவமைப்புக்கும் தாட்சண்யத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பயிற்சி பெறாத நல்ல மனத்தினால் இந்த வித்தியாசத்தைக் காண முடியாது; ஆகையால்தான் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது, நேரே பழகுவது. பல கலாசாலைகளில் பயிற்சி மாணவர் பாடம் நடத்திக் காட்டும்போது அவருடைய சக மாணவர்களே பிள்ளைகளாக வரிசையில் நிற்பது வழக்கம். இருபத்திரண்டு வயது ஓட்டப் பந்தய வீரர்கள் எட்டு வயதுக் குழந்தைகளாக நடிக்கிறார்கள்! அதிலே மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையை எப்படி அறிவது? சில இடங்களில் மாணவர்களின் கண்ணைக் கட்டி அரை மணி நேரம் நடக்க வைத்து, 'குருடரின் கஷ்டம் தெரிந்ததா?' என்று கேட்கிறார்கள். அதிலே தெரிவது திடீரென்று கண்ணிழந்தவனின் திகைப்பு மட்டுமே. பிறந்தது முதல் காதாலும் கையாலும் உலகை அறிந்த பிள்ளையின் சாமர்த்தியம் அதிலே தெரியாது. முடிவில் மிஞ்சுவது இரக்கம். மைதானத்தில் இரக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்குப் பதிலாக, ஒவ்வொரு பயிற்சி மாணவரும் படிப்புக் காலத்தில் சில வாரங்களேனும் உண்மையான பிள்ளைகளோடு, அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பாடம் நடத்த வேண்டும். வட்டார வள மையங்களில் விசேஷக் கல்வி ஆசிரியர்களும் இயன்முறை வைத்தியர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் அங்கே வருகிறார்கள். உடற்கல்விக் கலாசாலைக்கும் வள மையத்துக்கும் நடுவே ஒரு பாலம் போட்டால் போதும். செலவு என்று சொல்வதற்கு அதிலே ஒன்றும் பெரிதாக இல்லை.

சில ஆட்சேபங்கள்

"ஒரு ஆசிரியர், ஐம்பது பிள்ளைகள்; இதிலே ஒரு பிள்ளைக்காகத் தனியாக ஆட்டத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றும் வேலையைத் தனியாக அவரே செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? பக்கத்திலிருக்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அவன் நண்பனுக்குத் துணையாக ஓடுவான். உலகப் போட்டிகளிலேயே பார்வையற்ற ஓட்டக்காரருடன் கையில் கயிறு பிணைத்து ஒருவர் கூட ஓடுகிறார். நம் பிள்ளைகளுக்கு ஒரு கைக்குட்டை போதும்.

"விசேஷப் பாடசாலைகள் இருக்கின்றனவே, அங்கே அனுப்பினால் என்ன?" என்பது மற்றோர் ஆட்சேபம். பாளையங்கோட்டையில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பாடசாலைகள் ஏற்பட்டன. அவை செய்த சேவையை மறப்பவன் நன்றி கெட்டவன். எனினும் மலையிலுள்ள பிள்ளை எத்தனை பேரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்ப முடியும்? ஊர்ப் பாடசாலையில் சேர்வது அப்பிள்ளையின் உரிமை. சேர்ந்தபின் மைதானம் வகுப்பறையைக் காட்டிலும் சின்ன உரிமை அல்ல.

"இவர்களுக்கு விளையாட்டு அவ்வளவு அவசியமா?" என்றும் சிலர் கேட்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் சராசரியாகத் தினம் அறுபது நிமிஷம் உடல் உழைப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அதே அறுபது நிமிஷம்தான். நியாயமாகப் பார்த்தால் இவர்களுக்கே அது அதிக அவசியம். மற்றப் பிள்ளை பாடசாலையில் ஓடாவிட்டாலும் தெருவில் ஓடுவான். இவன் பாடசாலையில் ஓடாவிட்டால் எங்குமே ஓடமாட்டான்.

பதக்கமும் பதக்கமில்லாதவர்களும்

எங்கள் ஜில்லாவுக்கு அண்டையிலுள்ள சேலம் ஜில்லாவில் பெரியவடகம்பட்டி என்ற கிராமத்தைப் பத்திரிகை படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலு 2016-ஆம் ஆண்டில் ரியோ நகரத்துப் பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் பெற்றார். 2021-இல் நடந்த டோக்கியோ பந்தயங்களில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் அவருக்குக் கிடைத்தன. அதே பாரிஸில் பாட்மிண்டன் ஆட்டத்தில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் பெற்றனர். 2022-ஆம் ஆண்டு பிரேஸில் தேசத்தில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். இவர்களை நினைத்துத் தமிழ்நாடு பெருமைப்படுவது நியாயமே.

ஆனால் மாரியப்பனின் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது ரியோ நகரம் அல்ல. அதற்கு வெகு காலம் முன்னால், பாடசாலை மைதானத்தில் அவருடைய உடற்கல்வி ஆசிரியர் அந்தப் பையனைப் பார்த்து, 'நீ உயரம் தாண்டிப் பார்' என்றாரே, அந்த விநாடிதான். பதினான்கு வயதில் இரண்டு காலும் நன்றாக உள்ள பையன்களோடு போட்டியிட்டு அவர் இரண்டாவதாக வந்தார். 'நிழலில் உட்கார்' என்று அன்று சொல்லியிருந்தால் பாரதநாட்டுக்கு ஒரு தங்கம் குறைந்திருக்கும். அதைவிடப் பெரிதாக, ஒரு பையனுக்கு அவனுடைய பால்யம் குறைந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒரு நல்ல ஆசிரியரின் இயல்பை நம்பிக்கொண்டு ஒரு தேசம் இருக்க முடியாது. நல்லெண்ணம் அதிர்ஷ்டத்தால் கிடைப்பது. பயிற்சி ஏற்பாட்டினால் கிடைப்பது. மேலும் பதக்கம் வாங்கப் போகிறவனுக்கு மட்டும் மைதானம் சொந்தம் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு காலும் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பிக்குக்கா போகிறார்கள்? விளையாடுகிறார்கள், வியர்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பசியோடு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தச் சாதாரணமான சந்தோஷமே எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது.

செய்ய வேண்டியவை

கலாசாலைகளை நடத்துகிறவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். இந்தப் பாடம் விருப்பப் பாடமாக இருந்தால் போதாது. உடற்கல்விப் பட்டமோ டிப்ளமாவோ பெறும் ஒவ்வொருவருக்கும் கட்டாயமாக இருக்க வேண்டும். பரீட்சைத் தாளோடு அது முடியாமல், பிள்ளைகளோடு பழகும் நாட்களும் மார்க்கில் சேரவேண்டும். மூன்றாவது விண்ணப்பம் பலரும் நினைத்துப் பாராதது. இக்கலாசாலைகளில் சேர ஓட்டமும் தாவலுமாக உடற்தகுதிப் பரீட்சை வைக்கிறார்கள். சக்கர நாற்காலியில் பந்து விளையாடும் ஒருவர், கற்பிக்கும் திறமை நிரம்ப இருந்தாலும், அந்த வாசற்படியை எப்படித் தாண்டுவார்? பிள்ளைகளை விடாதீர்கள் என்று ஆசிரியருக்குப் போதித்துவிட்டு, ஆசிரியராக வர விரும்புகிறவரை வாசலில் நிறுத்துவது முறையாகாது. பரீட்சையும் தகவமைக்கப்பட வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் மறுபடியும் கலாசாலைக்குப் போக முடியாது. அவர்களுக்காகக் கோடை விடுமுறையில் ஒரு வாரப் பயிற்சி வைக்கலாம். பேச்சாளர்களை அழைத்துப் பேசச் சொல்வதைவிட, ஐந்தாறு பிள்ளைகளை அழைத்து விளையாடச் சொல்வது அதிகப் பயன் தரும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "என் பிள்ளைக்கு விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்கவும்" என்று கடிதம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அன்பினாலும் பயத்தினாலும் எழுதும் கடிதம் அது. அதற்குப் பதிலாக வேறொரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பிள்ளைக்கு வைத்தியர் எதைக் கூடாது என்றார், எதைச் செய்யலாம் என்றார் என்பதை அதில் விவரமாக எழுதுங்கள். வீட்டில் எந்த விளையாட்டில் அவனுக்கு ஆசை என்பதையும் எழுதுங்கள். கடைசியில் "என் பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும்" என்று கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் ஆசிரியருக்குப் பாதிப் பயம் போய்விடும். மற்றப் பாதியைப் போக்குவது அவரைத் தயாரிக்கும் கலாசாலையின் பொறுப்பு.